நாடகத்தை வாசிப்பது எப்படி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை மாணவி. நாடகவியல் தாளுக்காக அரிஸ்டாட்டில் கூறும் ஆறு உறுப்புகளையும் படித்திருக்கிறேன். ஆனால் பாடத்திலுள்ள, நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தை எடுத்து உட்கார்ந்தால், ஒரு பெயர், அதன் பக்கத்தில் ஒரு வசனம், மறுபடியும் ஒரு பெயர் என்று பக்கங்கள் ஓடுகின்றனவே தவிர, நாவல் வாசிக்கும்போது எழுகிற உலகம் எழவில்லை. முதல் சில பக்கங்களில் எதுவும் நடக்கவில்லை என்றே தோன்றியது. நாடகத்தை வாசிக்கத்தான் முடியுமா, அல்லது மேடையில் பார்த்தால்தான் உண்டா? அந்த ஆறு உறுப்புகள் வாசிப்புக்கு எவ்வகையில் உதவும்?

ஒரு வாசகி, நாகர்கோவில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு அரிஸ்டாட்டிலே தம் ‘கவிதையியல்’ நூலில் பதில் சொல்லியிருக்கிறார். கதைப்பின்னல், பாத்திர இயல்பு, சிந்தனை, சொல்நடை, இசை, காட்சி என்று துன்பியல் நாடகத்தின் ஆறு உறுப்புகளை வகுத்த அவர், கதைப்பின்னலை அதன் உயிர் என்று முதலில் வைத்தார். நடிகர்களும் மேடையேற்றமும் இல்லாமலே துன்பியலின் ஆற்றல் வெளிப்படும் என்றும் அதே இடத்தில் எழுதினார். ஆகவே வாசிக்க முடியும். ஆனால் அதே நூலில் பிறிதோரிடத்தில், நாடகம் எழுதுபவர் காட்சியை இயன்றவரை தன் கண்முன் நிறுத்திக்கொண்டு எழுதவேண்டும் என்கிறார். எழுதுபவருக்குச் சொன்ன இந்த அறிவுரைதான் வாசிப்பவருக்கும் வேண்டியது.

நாவலில் ஒரு கதைசொல்லி கூடவே வருகிறார். யார் எங்கே நிற்கிறார், எதை மறைக்கிறார் என்பதையெல்லாம் அவரே சொல்லிவிடுகிறார். நாடகத்தில் அவர் இல்லை; அவருடைய வேலை நம் தலையில் விழுகிறது. மேடையிலும் திரையிலும் அடுக்கடுக்கான வசனங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு இன்னொரு தடையும் உண்டு. வசனம் என்றால் அதில் ஒரு கருத்து இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்து, அடிக்கோடிடத் தகுந்த வரியைத் தேடிக்கொண்டே போகிறோம். நாடகத்தில் ஒரு வசனம் என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் ஒரு செயல். கேட்பது, தடுப்பது, கெஞ்சுவது, பொய் சொல்லித் தப்புவது, விலை பேசுவது என்று அது ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும். இந்த வரி இப்போது யாரை என்ன செய்கிறது என்று ஒவ்வொரு பேச்சிலும் கேட்டுக்கொண்டு வாசித்தால், எதுவும் நடக்காததாகத் தோன்றிய பக்கங்கள் வேறாகத் தெரியும்.

நீங்கள் குறிப்பிட்ட அந்தத் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாயகி நோரா பொட்டலங்களோடு வீட்டுக்குள் வருகிறாள். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுமந்து வந்த கூலியாள் ஐம்பது ஓரெ (அந்நாட்டுச் சில்லறைக் காசு) கேட்கிறான். அவள் ஒரு குரோனை, அதாவது இரண்டு மடங்கைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். பிறகு பையிலிருந்து இனிப்பு எடுத்துத் தின்கிறாள். தூத்துக்குடி மக்ரூனின் உறவான, பாதாமில் செய்யும் மக்ரூன் அது. அடுத்த அறைக் கதவருகே சென்று கணவன் இருக்கிறானா என்று காதுகொடுத்துக் கேட்கிறாள். உள்ளிருந்து ஹெல்மரின் குரல், ‘என் வானம்பாடியா பாடுகிறது?’ என்கிறது. நான் என்ன வாங்கியிருக்கிறேன் என்று வந்து பாருங்கள் என்று அவள் அழைக்கும்போது, தொந்தரவு செய்யாதே என்று பதில் வருகிறது. சற்றுக் கழித்துக் கதவு திறக்கிறது. கையில் பேனாவோடு எட்டிப் பார்த்து, ‘வாங்கினாயா?’ என்று கேட்கிறார்.

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நான்கு பேர் ஒரு வீட்டில் இந்த நாடகத்தைச் சத்தமாக வாசித்தோம். ஹெல்மரை வாசித்தவரை உண்மையாகவே பக்கத்து அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினோம். முன்பு இருமுறை மனத்துக்குள் வாசித்தபோது எனக்குப் புலப்படாதது அன்று காதில் விழுந்தது. மனைவி அழைத்தபோது திறக்காத கதவு, ‘வாங்கினேன்’ என்ற ஒரு சொல்லுக்குத் திறக்கிறது. அந்த வீட்டில் பணம் என்னவாக இருக்கிறது என்பதை இப்சன் எந்தப் பாத்திரத்தின் வாயாலும் சொல்லவில்லை. கதவை வைத்துக் காட்டிவிட்டார். சிறிது நேரத்தில், மிட்டாய்க் கடைக்குப் போனாயா என்று ஹெல்மர் கேட்க, நோரா கூசாமல் இல்லை என்கிறாள். பின்னால் கடன் பத்திரத்தில் தந்தையின் கையெழுத்தை அவளே போட்ட செய்தி வெளிப்படும்போது, பொய்யோடு அவள் எவ்வளவு பழகிப்போயிருக்கிறாள் என்பது நமக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இதுதான் அரிஸ்டாட்டில் கூறும் பாத்திர இயல்பு. அது கதைப்பின்னலுக்குள்ளேயே இருக்கிறது. தேர்வுக்காக ஆறாகப் பிரித்துப் படித்தவை நாடகத்தில் பிரிந்து கிடப்பதில்லை.

அடைப்புக்குறிக்குள் வரும் மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். இரண்டாம் அங்கம் தொடங்கும்போது கிறிஸ்துமஸ் மரம் அலங்காரம் கலைந்து, எரிந்து தீர்ந்த மெழுகுவத்திகளோடு மூலையில் நிற்கிறது. இடைப்பட்ட ஓர் இரவு நோராவை என்ன செய்தது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் மாதவியை ஆடவிடுமுன் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அரங்கை அளந்து, தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்ததையும் சொல்கிறார். நீங்களும் வாசிக்கத் தொடங்குமுன் ஒரு தாளில் அந்த அறையை வரைந்து, எந்தக் கதவு எங்கே போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேடையில் நடக்காததையும் வாசிக்கவேண்டும். நோராவின் இரகசியத்தைச் சொல்லும் கடிதம் வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்கிறது, சாவி ஹெல்மரிடம். மூன்றாம் அங்கத்தில் பெட்டியைத் திறக்கப் போகும் ஹெல்மர், பூட்டில் ஒடிந்த கொண்டை ஊசி சிக்கியிருப்பதைக் காண்கிறார். உன்னுடையதாயிற்றே என்கிறார். குழந்தைகளாக இருக்கும் என்று நோரா சட்டென்று சொல்கிறாள். அவள் அந்தப் பூட்டோடு போராடியதை நாம் பார்க்கவேயில்லை. இந்த ஒரு ஊசியைக் கவனிக்காமல் கடந்துவிட்டால், அவள் பட்ட பாட்டில் ஒரு பகுதி நமக்குக் கிடைக்காமலே போய்விடும்.

நாடகத்தின் கடைசிக் குறிப்பு, கணவனையும் குழந்தைகளையும் விட்டு நோரா வெளியேறியதும் கீழே கதவு சாத்தப்படும் ஓசை. 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் மேடையேறிய இந்நாடகத்தை ஜெர்மனியில் நடிக்கவிருந்த நடிகை, குழந்தைகளை விட்டுப்போகும் தாயாக நடிக்க மறுத்தார். வேறு யாரோ மாற்றுவதைவிடத் தானே மாற்றுவது மேல் என்று, நோரா வீட்டைவிட்டுப் போகாத ஒரு முடிவை இப்சன் எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே வருந்தவும் செய்தார். சில வரிகளே மாறின. ஆனால் அந்தக் கதவோசை போனதும், முதல் பக்கத்திலிருந்து கட்டிவந்த அனைத்தும் பொருளிழந்தன.

ஒரு தோழியைச் சேர்த்துக்கொண்டு, ஒரே அமர்வில், வாய்விட்டு இதை மறுபடி வாசியுங்கள். மூன்றாம் அங்கத்தில் நோரா நடன உடையைக் களைய உள்ளே போகும் இடத்தில் மெதுவாகச் செல்லுங்கள். அங்கே ஹெல்மர் திறந்த கதவருகே நின்று, அவளை மன்னித்துவிட்டதாக நீளமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். முதல் காட்சியில் அவர் உள்ளேயும் அவள் வெளியேயும் இருந்தார்கள். இப்போது அவள் உள்ளே இருக்கிறாள், அவர் வெளியே நிற்கிறார். அவர் பேசும் அவ்வளவு நேரமும் நோரா உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.