பத்துப் பங்கும் 166-ஆம் பிரிவும்

கேள்வி: ஒரு சிமென்ட் கம்பெனியில் 10 பங்கு வைத்திருக்கிறேன். சுற்றுச்சூழலைக் காப்பது இயக்குநர்களின் கடமை என்று கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறதாமே! புகையைக் குறைக்காத போர்டு மீது நானே வழக்குப் போடலாமா? லண்டனில் ஷெல் இயக்குநர்கள் மீதே போட்டார்களே?
— வாசகர், அரியலூர்

பதில்: போட்டார்கள், தோற்றார்கள். செய்தியின் பின்பாதியையும் படித்திருக்கலாம்.

கிளையன்ட்எர்த் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு, எண்ணெய் கம்பெனியான ஷெல்லின் 27 பங்குகளை வைத்துக்கொண்டு, பருவநிலை மாற்றத்தின் ஆபத்தைச் சரியாகக் கையாளவில்லை என்று 2023 பிப்ரவரியில் அதன் 11 இயக்குநர்கள் மீது வழக்குத் தொடுத்தது. கம்பெனியின் சார்பில் பங்குதாரர் தொடுக்கும் வழக்கு அது. நடத்தவே கோர்ட் அனுமதி வேண்டும். மே மாதம் மனுவைப் படித்தே நீதிபதி மறுத்தார். நேரில் வாதம் கேட்டு ஜூலை 24-ல் மறுபடியும் மறுத்தார். ஷெல்லின் செலவுத் தொகையும் மனுதாரர் தலையில் விழுந்தது.

பருவநிலை போர்டின் கவலையே அல்ல என்று நீதிபதி சொல்லிவிடவில்லை. அதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பல ஆபத்துகளை எடைபோட்டு முடிவெடுப்பது இயக்குநர்களின் வேலை. நியாயமான எந்த இயக்குநரும் எடுக்காத முடிவு என்று காட்டினால்தான் கோர்ட் தலையிடும் என்றார். மனுதாரரால் அதைக் காட்ட முடியவில்லை. பங்குதாரர்களில் பெரும்பான்மையோர் போர்டின் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். 27 பங்கு வைத்திருப்பவரின் நோக்கம் கம்பெனியின் நலன்தானா என்ற சந்தேகமும் எழுந்தது. உங்களிடம் இருப்பது 10.

இனி நம் ஊர்ச் சட்டம். பிரிட்டிஷ் சட்டம் சுற்றுச்சூழலை ‘கருத்தில் கொள்’ என்பதோடு நிற்கிறது. நம் 2013 கம்பெனிச் சட்டத்தின் 166(2) பங்குதாரர், ஊழியர், சமூகம் ஆகியோரோடு சுற்றுச்சூழல் பாதுகாப்பையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது. கானமயில் என்ற அரிய பறவையைக் காக்கக் கோரிய வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றமே இந்தப் பிரிவை எடுத்துக்காட்டியது. எழுத்தில் நம் சட்டம்தான் கனமானது. மீறினால்? 166(7)-ன்படி அபராதம், 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை. பட்டியலிடப்பட்ட கம்பெனியின் இயக்குநருக்கு அது ஒரு தொகையா!

245-ஆம் பிரிவின்கீழ் கூட்டு மனு போடலாம். பட்டியலிடப்பட்ட கம்பெனியென்றால் 100 உறுப்பினர்கள் சேர வேண்டும், அல்லது 2% பங்கு கையில் இருக்க வேண்டும். போக வேண்டிய இடம் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம். ஆனால் அங்கே காட்ட வேண்டியது கம்பெனிக்கோ உறுப்பினர்களுக்கோ பாதகம் என்பதை. ஊருக்குப் பாதகம் என்பது அந்தப் பிரிவில் இல்லை. வீண் மனு என்று தோன்றினால் 1 லட்சம் வரை எதிர்த்தரப்புக்கு நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். (மொட்டைமாடியில் படியும் தூசுதான் உங்கள் ‘புகை’ என்றால் இதெல்லாம் வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத் தென்மண்டல அமர்வுக்கும் போங்கள். கண்ணுக்குத் தெரியாத கார்பன் டை ஆக்சைடுதான் கவலை என்றால் தொடர்ந்து படியுங்கள்.)

கொள்கை தவறு என்று நிரூபிப்பதைவிட, சொன்னதும் செய்ததும் ஒத்துப்போகவில்லை என்று காட்டுவது எளிது. எனவே ஆண்டறிக்கையை எடுங்கள். சந்தை மதிப்பில் முதல் 1000 கம்பெனிகளுக்குள் இருந்தால், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நீடித்தன்மை அறிக்கை அதில் இருக்கும். பொறுப்பான இயக்குநரின் கூற்று ‘பி’ பகுதியில் வரும். ஆறாவது கொள்கையின்கீழ் ஸ்கோப் 1 (ஆலையே நேரடியாக வெளிவிடுவது), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தால் வருவது) கார்பன் உமிழ்வு அட்டவணை வரும்.

அங்கே ஒரு கண்கட்டு வித்தை நடக்கும். ‘ஒரு ரூபாய் விற்பனைக்கு இவ்வளவு உமிழ்வு’ என்ற எண் குறைந்திருக்கும். மூட்டை விலை ஏறினாலே அது குறையும், சூளையில் ஒன்றும் மாறியிருக்க வேண்டாம். மொத்த டன்னையும், ஒரு டன் சிமென்ட்டுக்கான உமிழ்வையும் பாருங்கள். சோலார் தகடு படத்தைக் கண்டு மயங்காதீர்கள். வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தை, அதாவது ஸ்கோப் 2-ஐத்தான் அது பெரும்பாலும் குறைக்கும். சிமென்ட்டின் உமிழ்வில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் சூளையில் சிதைவதாலேயே வருகிறது. எரிபொருளை மாற்றினாலும் அந்தப் பங்கு போகாது. அந்தச் சூளையில் உருவாகும் கிளிங்கர் கட்டிகளின் அளவைக் குறைத்து, அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கழிவான ஸ்லாகோ கூடுதலாகச் சேர்த்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து போர்டு அறிக்கை. கம்பெனியின் இருப்பையே அச்சுறுத்தக்கூடிய ஆபத்துகளை 134(3)(என்)-ன்படி அதில் சொல்ல வேண்டும். மத்திய அரசு சிமென்ட் ஆலைகளுக்கு உமிழ்வு இலக்கு வைத்து 2025 அக்டோபரில் விதி போட்டுவிட்டது. இலக்கைத் தவறவிட்டால், இலக்கைத் தாண்டிக் குறைத்தவர்களுக்குக் கிடைக்கும் கார்பன் சான்றிதழை வாங்க வேண்டும். அதையும் வாங்காவிட்டால் அதன் சராசரி விலையைப்போல் இரண்டு மடங்கு இழப்பீடு. இப்போது இது லாப நஷ்டக் கணக்கு. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அதுவே உங்கள் முதல் ஆயுதம். தெரிந்தே பொய் எழுதியிருந்தால் 448-ஆம் பிரிவு. அதற்கான தண்டனை மோசடிக்கான 447-ல் இருக்கிறது, சிறை உட்பட.

போர்டு மினிட்ஸை உங்களுக்குக் காட்ட மாட்டார்கள். பொதுக்கூட்ட மினிட்ஸைக் காட்டித்தான் ஆக வேண்டும். நகல் கேட்டால் கட்டணம் பெற்றுக்கொண்டு 7 வேலை நாளில் தர வேண்டும். எனவே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசப் பெயர் கொடுங்கள். சொற்பொழிவு வேண்டாம். இரண்டே கேள்வி, எண்ணோடு: கிளிங்கர் விகிதம் எவ்வளவு, இலக்கைத் தவறவிட்டால் எத்தனை கோடி?

கூட்டத்துக்கு முன்பே அவற்றைக் கம்பெனி செக்ரட்டரிக்கு எழுதி, போர்டின் இடர் மேலாண்மைக் குழுவின் முன் வைக்கச் சொல்லுங்கள். 149(12)-ன்படி, போர்டு நடைமுறை வழியாகத் தெரிய வந்த விஷயத்தில் உடன்பட்டிருந்தால் சுயேச்சை இயக்குநரும் பொறுப்பாவார். அக்கறையோடு நடந்துகொள்ளவில்லை என்றாலும் தப்ப முடியாது. குழுவின் மேசைக்குக் கடிதம் போய்விட்டால், தெரியாது என்று சொல்வது அவருக்குக் கஷ்டம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.