"நோட்டே போதும்" என்பவரிடம் எப்படிப் பேசுவது?

வணக்கம். சரக்கு இருப்பு மென்பொருளை விளக்கினால், கடைக்காரர்கள் "நோட்டே போதும்" என்று அனுப்பிவிடுவதாக எழுதியிருந்தீர்கள். நீங்கள் கிளவுடில், அதாவது கணக்கை இணையத்தில் சேமிக்கும் வசதியில், பேச்சைத் தொடங்குகிறீர்கள். கடைக்காரர் மனம் நோட்டில் இருக்கிறது.

18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரம் விற்றபோது, ஆலைக்காரர்கள் பலர் குதிரைகளை வைத்து வேலை வாங்கியவர்கள். அதனால் இயந்திரம் எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்று கணக்கிட்டுச் சொன்னார். குதிரைத்திறன் என்ற அளவு அப்படித்தான் நிலைத்தது. அருமையான வழி அது!

நீங்களும் "நோட்டில் எதைத் தேடத்தான் அதிக நேரம் ஆகிறது?" என்று முதலில் கேளுங்கள். "பாக்கி", "தீர்ந்த சரக்கு" என்று அவர் சொல்லும் சொற்களையே திரையிலும் வையுங்கள். நோட்டைக் குறை சொல்லவே வேண்டாம், அது அவர் உழைப்பு. அப்புறம், அதில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் எதிரிலேயே ஏற்றிக் காட்டுங்கள். மற்ற வசதிகளை அவர் கேட்கும்போது சொன்னால் போதும்.