இன்றே வாங்காவிட்டால் பெயர் போய்விடுமா?

கேள்வி: ஹட்டனில் தேயிலைத்தூள் கடை வைத்திருக்கிறேன். ‘டொட் எல்கே’ இணைய முகவரி இருக்கிறது. ‘டொட் ஷொப், டொட் ஸ்டோர் இரண்டையும் இன்றே எடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார், எடுத்தால் கூகுளில் முதலில் வருவீர்கள்’ என்று ஒருவர் தொலைபேசியில் நெருக்குகிறார். எடுக்கவா?
– ஒரு வாசகர்

பதில்: கூகுள் கதை பொய். ‘டொட் ஷொப்’ போல முகவரியின் கடைசியில் வரும் புதிய ஒட்டுகளுக்குத் தேடலில் தனிச் சலுகை கிடையாதென்று அந்த நிறுவனமே 2015இல் சொல்லிவிட்டது.

வேறொருவர் எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இணைய முகவரிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐகேன் 2012இல் விண்ணப்பம் கோரியதிலிருந்து நூற்றுக்கணக்கான புதிய ஒட்டுகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் பெயரைக் காக்கக் கடை வருமானம் போதாது. அதைவிட வர்த்தகக் குறியைப் பதிவு செய்யுங்கள். அந்தப் பெயரைக் கெட்ட நோக்கத்தோடு யாராவது எடுத்தால் முறையிட அது ஆதாரம்.

வாங்குவதானால் இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். முதல் வருடச் சலுகை விலை பல மடங்காகத் தாவுவது வழமை. முக்கியமாக, பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். விற்றவர் தன் பெயரில் போட்டுக்கொண்டால், நாளை முகவரியை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான குறியீட்டுக்கு அவரிடமே கையேந்த வேண்டும். பயமுறுத்தி விற்பவரிடம் இதையெல்லாம் எழுதித்தரச் சொல்லிப் பாருங்கள், அழைப்பு தானாகக் குறையும்!