முட்டி வலியோடு ஐரோப்பாவில் சைக்கிள் பயணமா? டான்யூப் கரைக்குப் போங்கள்

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 54 வயது, மனைவிக்கு 50. தினமும் காலையில் ஆறு கிலோமீட்டர் நடப்போம், ஆனால் சைக்கிளைத் தொட்டு இருபது வருஷம் ஆகிறது. வரும் ஜூனில் ஐரோப்பா போகிறோம். பஸ்ஸில் ஏற்றி இறக்கிப் போட்டோ எடுக்க வைக்கும் டூர் வேண்டாம், ஒரு வாரம் நடந்தோ சைக்கிளிலோ ஊர் பார்க்க வேண்டும். மனைவிக்கு இறக்கத்தில் இறங்கும்போது முட்டி வலிக்கும், இருவரும் சைவம். ஆல்ப்ஸ் மலையில் நடக்கலாமா, ஸ்பெயினின் சாந்தியாகோ பாதையா, வேறு ஏதாவதா?"

இறக்கத்தில் முட்டி வலிக்கும் என்று நீங்களே எழுதிவிட்டதால் ஆல்ப்ஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அங்கே ஏறுவதை மூச்சு வாங்கி எப்படியோ சமாளித்துவிடலாம், மதியத்துக்கு மேல் எண்ணூறு மீட்டர் தொடர்ந்து இறங்குவதுதான் முட்டியைக் கழற்றும். சாந்தியாகோ நல்ல யாத்திரைப் பாதை, சாரியா என்ற ஊரிலிருந்து கடைசி நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை ஒரு வாரத்தில் முடிக்கலாம். ஆனால் அந்தத் துண்டு போகும் கலீசியா மேடும் பள்ளமுமான பகுதி, மழையும் அதிகம். உங்கள் இருவருக்கும் நான் சொல்வது ஜெர்மனியின் பஸ்ஸாவ் நகரில் தொடங்கி, ஆஸ்திரியாவுக்குள் டான்யூப் ஆற்றங்கரையோடு வியன்னா நோக்கிப் போகும் சைக்கிள் பாதை. முழுத் தூரம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இது சைக்கிளுக்காகப் புதிதாகப் போட்ட பாதை அல்ல. இன்ஜின் வருவதற்கு முன்னால் சரக்குப் படகுகளை ஆற்றின் எதிர்த்திசையில் குதிரைகள்தான் கயிறு கட்டி இழுத்தன. அந்தக் குதிரைகள் நடப்பதற்காகத் தண்ணீரை ஒட்டிப் போட்ட கரைப்பாதையில்தான் இன்று பெரும்பாலான தூரம் ஓட்டுகிறோம். பாரம் இழுக்கும் குதிரையை யாரும் மேட்டில் ஏற்ற மாட்டார்களே, அதனால் பாதை மேசை போலக் கிடக்கும். ஆறு போகும் திசையிலேயே நீங்களும் போகிறீர்கள், காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் அடிக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் சமதரையும் மேடாகிவிடும்.

முழு 320-ஐயும் ஏழு நாளில் முடிக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். தினமும் 45, 50 கிலோமீட்டர் கால்களுக்கு ஒன்றும் பெரிதில்லை, தினமும் நடக்கிற உங்களுக்கு இன்னும் சுலபம். பிரச்சினை உட்காரும் இடத்தில்தான் வரும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, மூன்றாம் நாள் காலை சீட்டில் உட்காரும்போது தெரியும். பஞ்சு வைத்த சைக்கிள் அரைக்கால் சட்டை இரண்டு வாங்குங்கள், அதற்குள் ஜட்டி போடக் கூடாது (தையல் உரசிப் புண்ணாகும், இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை). அப்புறம், மெத்தென்ற அகலச் சீட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், இரண்டு மணி நேரம் தாண்டினால் அதுதான் முதலில் வலிக்கும்.

என் கணக்கு இப்படி. வியன்னாவில் விமானம் இறங்கி, நேரடி ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் பஸ்ஸாவ் போய் அங்கே ஓர் இரவு தங்குங்கள். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் ஊர் அது, மூன்றும் மூன்று நிறத்தில் வரும். மறுநாள் சுமார் 45 கிலோமீட்டர் ஓட்டினால் ஷ்லோகென். கெட்டிப் பாறையை உடைக்க முடியாமல் ஆறு அங்கே வந்த திசைக்கே திரும்புகிறது, அதை மேலிருந்து பார்க்க அரை மணி நேரம் காட்டுப் பாதையில் ஏற வேண்டும். கைத்தடி இருந்தால் உங்கள் மனைவியும் ஏறலாம், இறங்கும்போது மெதுவாக. அடுத்த நாள் லின்ஸ். ஊருக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் சலிப்பான பகுதி, தொழிற்சாலைகள் வேறு. கால் ஓய்ந்திருந்தால் அந்தத் துண்டை வெட்கப்படாமல் ரயிலில் தாண்டுங்கள்.

லின்ஸிலிருந்து 25 கிலோமீட்டரில் மாவுத்ஹவுசன், நாஜிகளின் வதைமுகாம் இருந்த இடம். இந்த முகாமிலும் அதன் கிளைகளிலுமாகக் குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். கைதிகள் முதுகில் கல் சுமந்து ஏறிய 186 படிகள் கல்குவாரியில் இன்னும் இருக்கின்றன. முகாம் குன்றின் மேல் இருப்பதால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். விடுமுறையில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றினால் விட்டுவிடுங்கள், போகிறதாக இருந்தால் அன்று மாலைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், அன்றிரவு தங்கும் ஊரான கிரைன் போய்ச் சேர்ந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதற்குத்தான் மனசு இருக்கும்.

கிரைனுக்கு அடுத்த நாள் மெல்க். பாறை மேல் மஞ்சளாகத் தெரியும் மடம் தூரத்திலேயே கண்ணில் படும். அங்கிருந்து கிரெம்ஸ் வரை உள்ள வாக்காவ் பள்ளத்தாக்கு 40 கிலோமீட்டர்கூட இருக்காது, யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். பலர் இதை ஒரே நாளில் ஓட்டி முடித்துவிட்டு அன்றிரவே வியன்னா பற்றிப் பேசுவார்கள், எனக்குப் பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருக்கும். இரண்டு நாள் கொடுங்கள். இருபுறமும் கல்லை அடுக்கிக் கட்டிய திராட்சைப் படிக்கட்டுகள், கீழே ஆப்ரிகாட் தோட்டங்கள், பழக்காலம் ஜூலையில். ஷ்பிட்ஸ் என்ற ஊரில் ஆற்றைக் கடக்க ஒரு படகு இருக்கிறது, அதற்கு மோட்டார் கிடையாது. ஆற்றின் குறுக்கே மேலே கட்டிய கம்பியோடு பிணைத்திருப்பார்கள், படகுக்காரர் சுக்கானைச் சற்றுச் சாய்த்தவுடன் நீரோட்டமே தள்ளி அக்கரை சேர்க்கும். சைக்கிளோடு ஏறி நின்றால் தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும்தான். டூர்ன்ஷ்டைனில் நீலக் கோபுரத்துக்கு மேலே இடிந்த கோட்டை, இங்கிலாந்தின் அரசர் முதலாம் ரிச்சர்டை 1192-இல் பிடித்து அடைத்து வைத்திருந்த இடம். இந்தப் பள்ளத்தாக்கிலேயே 180 கிலோமீட்டருக்கு ஒரு நடைப்பாதையும் இருக்கிறது, நடக்க ஆசை இருந்தால் அதில் ஒரு துண்டை மட்டும் அரை நாள் நடங்கள்.

கிரெம்ஸில் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வியன்னா. மொத்தம் 240 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள்.

வாடகை சைக்கிளில் ஒரு விஷயம் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். அங்கே ஏழு கியர் சைக்கிள்கள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் பிரேக் பிடிக்கும். நம் ஊரில் நின்ற இடத்தில் பெடலைப் பின்னால் சுற்றி மேலே கொண்டுவந்து கால் வைப்போமே, அந்தப் பழக்கத்தில் மிதித்தால் சைக்கிள் மக்கர் பண்ணி நிற்கும். முதல் நாள் நான் ஒரு பாட்டியின் நாய்க்கு முன்னால் இப்படித்தான் விழுந்தேன். வேண்டாம் என்றால் பதிவு செய்யும்போதே ஃப்ரீவீல் (பெடலைப் பின்னால் சுற்றினால் பிரேக் பிடிக்காதது) வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு மட்டும் பேட்டரி சைக்கிள் எடுங்கள், முட்டிக்கு நல்லது, வேகம் ஒத்துப்போகவில்லை என்ற சண்டையும் வராது. வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைச் சந்திப்புகளில் சத்தமாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் தினமும் அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைக்கும் சேவை உண்டு, கட்டாயம் எடுங்கள். ஆனால் மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுச் சட்டை கையிலேயே இருக்கட்டும். ஒரு முறை என் பெட்டி அடுத்த ஊருக்குப் போய், அன்று இரவு முழுக்க ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு. சைவம் என்றால் சூப்பில்தான் மாட்டிக்கொள்வீர்கள், மெனுவில் காய்கறி போலத் தெரிவதும் மாட்டுச் சாற்றில் செய்ததாக இருக்கும். தோசையைப் பொடியாக வெட்டிப் போட்டது போல ஒரு சூப் வரும், அதுவும் அப்படித்தான். பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே (மாவில் செய்த குட்டி நூடுல்ஸ் மாதிரி), ஆப்ரிகாட் வைத்த இனிப்பு உருண்டை, காளான் சாஸோடு கொழுக்கட்டை மாதிரி வரும் க்னோடல் எல்லாம் தைரியமாகக் கேட்கலாம், "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஷ்பெக்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், இறைச்சி இல்லாமல், பன்றித் துண்டு இல்லாமல் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே ரொட்டி, வாழைப்பழம், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள்.

விசாவுக்கு, அதிக இரவு தங்குவது ஆஸ்திரியாவில் என்பதால் விண்ணப்பமும் அங்கேதான் போட வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே போடலாம் என்பதால் ஜூனுக்கு ஜனவரியிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒன்று. இந்த மாதமே இருவரும் சைக்கிள் வாடகைக்கு எடுத்து, அந்த அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு, தொடர்ந்து மூன்று நாள் தினமும் 25 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் காலை முகம் சுளிக்காமல் சீட்டில் உட்கார முடிந்தால் டிக்கெட் போடலாம்.