உயரம் என்றாலே பயப்படுகிறவர்கள் கல்சுபாய் மலையில் ஏற முடியுமா?

"உயரம் என்றால் எனக்குக் கை கால் நடுங்கும். நண்பர்கள் ஜூலையில் கல்சுபாய் போகக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, பயம் போன பிறகு பார்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஜூலையில் மட்டும் வேண்டாம். பயம் போகட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஏறி இறங்கிய பிறகும் எனக்குப் போகவில்லை.

ஸ்டேஷன் நடைபாலத்தில் கம்பி ஓரமாகப் போகாமல் கூட்டத்தின் நடுவிலேயே நடக்கிறவர் நீங்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான். பிறந்து வளர்ந்தது மும்பை தாராவியில். அங்கே மாடி ரூமுக்குப் போகிற இரும்பு ஏணி எவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். எட்டு வயதில் அதில் பாதி ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றுவிட்டேன். அப்பாதான் தூக்கி இறக்கினார். இப்போது எனக்கு 43 வயது. இருப்பது குடிசைக்குப் பதிலாகக் கட்டிக்கொடுத்த எஸ்.ஆர்.ஏ. பில்டிங்கில் 14-வது மாடி. ஜன்னல் பக்கம் போகமாட்டேன்.

மாடி என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வருஷம் எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் மூன்று வாரம் ஓடவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியை டயாலிசிஸுக்கு நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் 14 மாடி தூக்கி இறக்கினோம். மாசாமாசம் மெயின்டெனன்ஸ் மட்டும் தவறாமல் வாங்கினார்கள். தரையில் குடியிருந்தவர்களை மேலே கொண்டுபோய் வைக்கிறவர்கள் அவர்கள் எப்படி இறங்குவார்கள் என்றும் யோசிக்க வேண்டும். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சரி, மலைக்கு வருகிறேன். கல்சுபாய் 1,646 மீட்டர், மகாராஷ்டிராவிலேயே உயரமான சிகரம். "அதெல்லாம் ஒரு ட்ரெக்கா, குழந்தைகள்கூட ஏறுகிறார்கள்" என்று யாராவது இங்கே எழுதுவார்கள். ஏறுகிறார்கள், நானே பார்த்தேன். மூச்சு வாங்குவதைப் பற்றி நான் பேசவில்லை. வழியில் பாறையோடு சேர்த்து இரும்பு ஏணிகள் வைத்திருக்கிறார்கள், என் பிரச்சினை அவைதான்.

ஜனவரியில் ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர், ஒரு குழுவுக்குப் பணம் கட்டிப் போனோம். சாயங்காலம் கசாராவுக்கு லோக்கல் ட்ரெயின், அங்கிருந்து ஜீப்பில் பாரி கிராமம். ஒரு வீட்டில் பிட்லாவும் பாக்ரியும் சாப்பிட்டுப் படுத்தோம். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று ராத்திரி இரண்டரைக்கே கிளப்பிவிட்டார்கள். இருட்டில் ஏறியது எனக்கு வசதியாகிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் என் கையும் அடுத்த இரண்டு படியும் மட்டும்தான் தெரிந்தன. ஒவ்வொரு ஏணியாக ஏறி உச்சிக்குப் போய்விட்டேன். குளிர் காற்று ஆளைத் தள்ளியது. விடிந்ததும் தேவியின் சின்னக் கோயில், தூரத்தில் பண்டார்தரா அணைத் தண்ணீர், இன்னொரு பக்கம் அலங், மதன், குலங் கோட்டைகள். பயம் போய்விட்டது என்றுகூட நினைத்தேன்.

இறங்க வந்தபோதுதான் ராத்திரி எதில் ஏறினேன் என்று பார்த்தேன். ஏணிக்குக் கீழே பாறை, அதற்கும் கீழே வெறும் வெளி. வயிற்றுக்குள் ஏதோ கழன்ற மாதிரி இருந்தது. முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேறு. கீழேயிருந்து ஏறுகிற வரிசையில் பையன்கள் சத்தம் போட்டார்கள். குழுத் தலைவர், "பயமெல்லாம் மனசுலதான் மேடம், கீழே பார்க்காதீங்க" என்றார். பத்து நிமிஷம் பார்த்தார், மற்றவர்களுக்கு ட்ரெயின் போய்விடும் என்று அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். காசு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். கூட இருந்தது எங்கள் ஆபீஸ் பையன் ஒருவன் மட்டும்தான். "போனா போகட்டும்க்கா, அடுத்த ட்ரெயின்ல போலாம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மனசில் மட்டும்தான் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதை அப்புறம் ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். நாம் நிற்கும்போது உடம்பு கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். பக்கத்திலிருக்கும் சுவரையும் தரையையும் பார்த்து கண் அதைச் சரிசெய்ய உதவும். எல்லாமே தூரத்தில் இருக்கும் இடத்தில் கண்ணுக்கு அந்தப் பிடிமானம் கிடைக்காது, ஆட்டம் கூடும். பயம் அதற்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்திலுள்ள அசையாத பொருளைப் பார்த்தால், எதையாவது பிடித்துக்கொண்டால் ஆட்டம் குறையும். அன்றைக்கு இது எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த ஏணிக்குக் கீழே டீயும் எலுமிச்சை சர்பத்தும் விற்கிற ஒரு அம்மா மேலே ஏறி வந்தார். அறுபது வயதாவது இருக்கும், ஒன்பது கஜப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. என்ன ஏது என்று கேட்கவில்லை. என் தோளைப் பிடித்து ஏணிப் பக்கம் முகம் இருக்கும்படி திருப்பினார். எனக்கு ஒரு படி கீழே இறங்கி நின்று, என் குதிகாலைப் பிடித்து அடுத்த படியில் வைத்தார். "சாவகாஷ் தாயி, சாவகாஷ்." அக்கா, மெதுவா என்று அர்த்தம். நம் சாவகாசம்தான் மராத்தியில் அப்படி. அந்த ஒரு சொல் என் அம்மா வாயில் அடிக்கடி வரும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இறங்கினேன். கண்ணுக்கு நேரே இருந்த கம்பியையும் அதன் துருவையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் ஆனது. சத்தம் போட்ட பையன்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். மற்ற ஏணிகளிலும் அதே மாதிரி திரும்பி நின்று, எங்கள் ஆபீஸ் பையன் ஒரு படி கீழே நிற்க, இறங்கினேன்.

அதனால் உங்கள் நண்பர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். நான் உட்கார்ந்துவிட்டால் யார் என்னோடு நிற்பீர்கள்? இறங்கும்போது எனக்கு ஒரு படி கீழே யார் வருவீர்கள்? பதில் வராவிட்டால் அவர்களோடு போகாதீர்கள். நின்றால் தலை சுற்றி விழுகிற மாதிரி தரையிலேயே ஆகிறதென்றால், அது வேறு பிரச்சினை, முதலில் டாக்டரைப் பாருங்கள். ஜூலையில் கம்பியும் பாறையும் நனைந்து வழுக்கும், கூட்டமும் அதிகம். டிசம்பர், ஜனவரியில் ஒரு வார நாளாகப் பார்த்துப் போங்கள். ஏறுவதையும் பகலிலேயே ஏறுங்கள், எதில் இறங்கப் போகிறோம் என்று முன்பே தெரிந்திருக்கும்.

கடைசி ஏணிக்குக் கீழே அந்த அம்மா இருந்தால் ஒரு டீ குடியுங்கள். அன்றைக்கு என்னிடம் அவர் டீக்குக்கூடக் காசு வாங்கவில்லை.