பேஸை விற்கிற யோசனையைத் தள்ளிவையுங்கள்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ராக் பேண்ட் நடத்துகிறோம். நான் வாசிப்பது பேஸ், தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார். ஆண்டுவிழாவில் வாசித்த வீடியோவை எல்லாரும் பகிர்ந்தார்கள், அதில் என் வாசிப்பு ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லை. "நீ இல்லேன்னாலும் யாருக்கும் தெரியாதுடா" என்று எங்கள் பாடகன் சொன்னது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. டிரம்மர் வேறு எந்தப் பாட்டை எடுத்தாலும் பாதியில் வேகம் பிடித்து ஓடுகிறான். பேஸை விற்றுவிட்டு, முன்னால் தனித்துக் கேட்கும் லீட் கிட்டாருக்கு மாறிவிடட்டுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: அந்த வீடியோவை எதில் கேட்டீர்கள்? போனில்தானே? உங்கள் பேஸின் தடித்த ஈ தந்தி விநாடிக்குச் சுமார் 41 முறைதான் அதிர்கிறது, அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சுண்டைக்காய் அளவு போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. அரங்கில் நின்றவர்கள் அதைக் காதில் கேட்டதைவிட நெஞ்சுக்கூட்டில் வாங்கியிருப்பார்கள். அடுத்த முறை மிக்ஸரிலிருந்து நேராக ஒரு பதிவு எடுத்துத் தரச் சொல்லி நல்ல ஹெட்போனில் கேளுங்கள், அதற்குப் பிறகு உங்களை நீங்களே எடை போடலாம்.

பாடகர் சொன்னதற்கு வருகிறேன். 1980 பிப்ரவரியில் ஏசி/டிசி குழுவின் பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். புதுப் பாடகர் வந்தார், ஜூலையிலேயே அடுத்த ஆல்பம் வெளியாகி உலகம் முழுக்க விற்றது, ஏனென்றால் டிரம்ஸில் ஃபில் ரட், பேஸில் கிளிஃப் வில்லியம்ஸ், ரிதம் கிட்டாரில் மால்கம் யங் என்று அடியில் ஓடுகிற மூவரும் அப்படியே இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் லெட் செப்பெலின் டிரம்மர் ஜான் பான்ஹாம் இறந்தார். பாடகரும் கிட்டாரிஸ்டும் இருந்தும் டிசம்பரில் குழுவையே முடித்துக்கொண்டார்கள். அதில் நட்பும் துக்கமும் இருந்தன, கணக்கு மட்டுமில்லை, ஆனாலும் அவர் இல்லாமல் அந்தக் குழு அந்தக் குழுவாக இருக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தி டோர்ஸ் குழுவில் பேஸ் வாசிப்பவரே இல்லையே என்று யாராவது வாதாடினால், மேடையில் ரே மான்சரெக் இடது கையால் தனிக் கீபோர்டில் பேஸ் வரியை வாசித்துக்கொண்டேதான் வலது கையால் மற்றதை வாசித்தார் என்று சொல்லுங்கள். ஆள் இல்லாமல் இருக்கலாம், அந்த வேலை இல்லாமல் முடியாது.

ஒத்திகையில் ஒரு காரியம் செய்து பாருங்கள். கிட்டாரிஸ்டை சி மேஜர் கார்டை (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டு) மட்டும் விடாமல் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நாலு சுற்று சி சுரத்தை வாசித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே ஏ சுரத்துக்கு இறங்குங்கள். அவர் விரல் ஒன்றுகூட நகர்ந்திருக்காது, ஆனால் மொத்தப் பாட்டும் சட்டென்று சோகமாகிவிடும். நம் மொழியில் சொன்னால், சுருதியும் லயமும் ஒரே நேரத்தில் உங்கள் கையில் இருக்கின்றன. இதை விட்டுவிட்டா போகப்போகிறீர்கள்?

சரி, டிரம்மர் ஓடுகிறார் என்கிறீர்கள். நீங்களும் கூடவே ஓடுகிறீர்களா, இல்லை இழுத்துப் பிடிக்கப் போராடுகிறீர்களா? இரண்டுமே கேட்பவருக்குத் தெரிந்துவிடும். வாரத்தில் ஒரு மணி நேரம் நீங்கள் இருவர் மட்டும் உட்காருங்கள், பாடகரும் வேண்டாம் கிட்டாரும் வேண்டாம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டு என்று வைத்து, கிக் டிரம் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்) விழும் அதே கணத்தில் உங்கள் தந்தி ஒலிக்க வேண்டும், ஸ்னேர் (குச்சியால் சுள்ளென்று அடிக்கும் சின்ன டிரம்) விழும் கணத்தில் உங்கள் ஒலி நின்றுவிட வேண்டும், விரலால் தந்தியை லேசாகத் தொட்டு நிறுத்துங்கள். எல்லாரும் எப்போது தொடங்குவது என்றுதான் பழகுகிறார்கள், எப்போது நிறுத்துவது என்பதில்தான் பாதி இசை இருக்கிறது. மெதுவாக வாசிப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கஷ்டம், முதல் இரண்டு வாரம் உங்கள் இருவருக்குமே எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இருவருமாகச் சேர்ந்து சார்லி வாட்ஸ் வாசிக்கும் வீடியோ ஒன்றைப் பாருங்கள், 1963 முதல் 2021-இல் இறக்கும்வரை ரோலிங் ஸ்டோன்ஸின் டிரம்மர் அவர். முகத்தை விடுங்கள், வலது கையைக் கவனியுங்கள். இடது கை ஸ்னேரில் இறங்கும்போது வலது கை ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தகட்டைத் தொடாமல் ஒரு கணம் மேலே நிற்கும். அந்த இடைவெளியால் ஸ்னேர் அடி தனியாக, தெளிவாக விழும். எதை அடிக்காமல் விடுவது என்று தெரிந்த கை அது. ஓடுகிற டிரம்மருக்கு நாம் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தக் கை சொல்லிவிடும்.

லீட் வாசிக்கும் ஆசை உங்களுக்கு முன்பே இருந்தது என்றால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் லீட் மேல் ஆசை என்று ஒரு வரிகூட இல்லை, காயம்தான் இருக்கிறது. ஆறு மாதம் டிரம்மருடன் உட்கார்ந்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன், அடுத்த ஒத்திகையில் ஒரு பாட்டின் முதல் பாதிக்கு வாசிக்காமல் சும்மா நின்றுவிட்டு இரண்டாம் பாதியில் உள்ளே வாருங்கள், பாடகரிடம் எந்தப் பாதியில் பாடுவது சுலபமாக இருந்தது என்று கேளுங்கள்.