ஒப்பீடு எங்கே?

கேள்வி: கும்பகோணத்தில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தஞ்சைக்கு மூன்று பக்கம், சோழபுரத்துக்கு மூன்று பக்கம் எழுதி, ‘இரண்டுமே சோழர் பெருமையைப் பறைசாற்றுகின்றன’ என்று முடித்தேன். பேராசிரியை சிவப்பு மையில் ‘ஒப்பீடு எங்கே?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். தகவல் எதுவும் தப்பில்லை. எப்படித் திருத்துவது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

எல்லாம் சரியாக எழுதியும் திரும்பி வந்தால் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பேராசிரியை கேட்டது நியாயம். நீங்கள் ஒரே நூலில் இரண்டு கட்டுரைகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் ஜூன் மாதம் டீக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். ‘குறுவை போடலாமா, நேரே சம்பாவுக்குப் போயிடலாமா?’ என்று நெல் சாகுபடிப் பேச்சு ஓடும். அரை மணி நேரம் குறுவை, அப்புறம் அரை மணி நேரம் சம்பா என்று யாரும் பேசுவதில்லை. மேட்டூர் அணை 12-ம் தேதி திறக்குமா, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும்? இதைச் சுற்றியே பேச்சு. குறுவை சீக்கிரம் அறுப்புக்கு வரும், ஆனால் ஆற்றுத் தண்ணீரை நம்பியே இருக்கும்; சம்பாவுக்கு நாள் கூடுதல், ஆனால் ஐப்பசி மழை கைகொடுக்கும். ஒரே மூச்சில் இரண்டும் வந்துவிடுகிறது, பார்த்தீர்களா?

உங்களுக்கும் அப்படி ஒரு கேள்வி வேண்டும். நானாக இருந்தால், ‘தகப்பன் கட்டியதைவிட மகன் ஏன் தாழ்வாகக் கட்டினான்?’ என்று கேட்பேன். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சை விமானம், அதாவது கருவறை மேல் எழும் கோபுரம், ஏறத்தாழ 216 அடி. ராஜேந்திரனுடையது சுமார் 180 அடிதான். கங்கை வரை படை அனுப்பி, தனக்கென்று புதுத் தலைநகரே அமைத்தவனுக்கு வசதி இல்லாமல் போயிருக்காது. தஞ்சை விமானம் நேர்க்கோடாகக் கூம்பி ஏறுகிறது. சோழபுரத்தில் அதே கூம்பு உள்வாங்கி வளைகிறது. அப்படியானால் மகன் உயரத்தைத் தேடவில்லை, வேறு அழகைத் தேடினான் என்று வாதாடலாம். தகப்பனுக்குக் காட்டிய மரியாதை என்றும் சொல்வார்கள். அதைச் ‘சொல்வார்கள்’ என்றே எழுதுங்கள், சான்றாக வைக்காதீர்கள்.

கேள்வி கிடைத்ததும் பாதித் தகவல் தானாக உதிர்ந்துவிடும். யுனெஸ்கோ பட்டியலில் ஒன்று 1987-ல், மற்றது 2004-ல் சேர்ந்தது என்று நிச்சயம் எழுதியிருப்பீர்கள். மனசு கேட்காது, ஆனாலும் அடித்துவிடுங்கள். தஞ்சையின் பெரிய நந்தியையும் ராஜராஜன் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது நாயக்கர் காலத்தது. அதைச் சோழபுரத்து நந்தியோடு நிறுத்தினால் தகப்பன் மகன் ஒப்பீடே குலைந்துபோகும்.

ஆளுக்கு மூன்று பக்கம் என்ற பாகப்பிரிவினையும் தேவையில்லை. கல்வெட்டு என்று வந்தால் தஞ்சைக்குத்தான் நிறையச் சொல்ல இருக்கிறது. சிற்பம் என்று வந்தால் சோழபுரத்துச் சண்டேசுவரரிடம் கொஞ்ச நேரம் நின்றுவிடுங்கள். ஒரு பத்தியில் இரண்டு கோயிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘மாறாக’, ‘அதேபோல்’ என்று ஆங்காங்கே தூவினால் சரியாகிவிடாது.

கும்பகோணத்திலிருந்து இரண்டுக்கும் பஸ் இருக்கிறது. ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்த்துவிட்டு எழுத உட்காருங்கள். தஞ்சைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பிராகாரத்தில் கால் வைக்க முடியாது.